கியரை விட்டுவிட்டு டிசிஎம்மில் தொடங்குங்கள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பாடம் என்றதும் எல்லோரும் பிளானட்டரி கியரில்தான் (ஒன்றை ஒன்று சுற்றும் பல் சக்கரத் தொகுப்பு) இறங்குவார்கள். சன் கியர், ரிங் கியர் படம் போட்டே நோட்டு தீர்ந்துவிடும். எப்போது எந்த கியர் என்று முடிவு செய்யும் கணினியான டிசிஎம் (டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல்) பக்கத்துக்கு வருவதற்குள் தேர்வு வந்துவிடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பதோ பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான். கும்பகோணத்தில் டிப்ளமோ படித்தபோது நான் தலைகீழாகப் படித்தேன்: முதலில் கன்ட்ரோல் மாட்யூல், அப்புறம் கியர்.

சென்சார் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். எந்த சென்சார் எந்த முடிவுக்கு வேண்டும் என்று கேளுங்கள். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம், வண்டி என்ன வேகத்தில் போகிறது, இந்த இரண்டும்தான் கியரை முடிவு செய்வதில் முக்கியம். லேசாக மிதித்தால் மேல் கியர் சீக்கிரம் விழும்; அழுத்தினால் தள்ளிப்போகும். முடிவானதும் வால்வு பாடியில் (ஆயிலைப் பிரித்து அனுப்பும் பகுதி) உள்ள சொலினாய்டு என்ற மின்வால்வுக்கு மின்சாரம் போகும், ஆயில் வழி மாறும், அந்த கியருக்கான கிளட்ச் தட்டுகளின் அடுக்கு, அதாவது கிளட்ச் பேக், பிடிக்கும். கியர் மாறும் அந்த நொடியில் டார்க்கைக் (முறுக்கு விசை) கொஞ்சம் குறைக்கச் சொல்லி இன்ஜினின் கணினியான ஈசிஎம்முக்கு, வண்டிக் கணினிகளை இணைக்கும் கேன் வழியாகச் செய்தி போகும். உதறல் இல்லாமல் கியர் மாறுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரே ஒரு கணக்கு மட்டும் நன்றாகப் போட்டுப் பழகுங்கள். இன்புட் ஷாஃப்ட் 3000 ஆர்பிஎம், கியர் ரேஷியோ 1.5 என்றால் அவுட்புட் 2000 சுற்ற வேண்டும். சென்சார் 1700 காட்டுகிறதா? 1700-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 2550. மீதி 450 ஆர்பிஎம் கிளட்ச் வழுக்கலில் போகிறது. டிசிஎம்மும் இதே கணக்கைத்தான் ஓயாமல் போடுகிறது. பொருந்தாவிட்டால் முதல் கியருக்கு பி0731, இரண்டாவதுக்கு பி0732 என்று கோளாறைக் குறிக்கும் கோடு (code) பதியும். கோளாறு பெரிதென்றால் லிம்ப் மோடு: பல வண்டிகளில் சொலினாய்டுக்கு மின்சாரம் நின்று, ஆயில் அழுத்தத்திலேயே ஏதோ ஒரு கியரில் மட்டும் வண்டி ஓடும். அதை வைத்து மெதுவாக வீடு சேரலாம்.

நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் ஆட்டோமேட்டிக் என்று வருபவற்றில் ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும் வகை) நிறைய. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த ஏஜிஎஸ் அந்த வகைதான். அதில் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) கிடையாது. சாதாரண கிளட்சையும் கியரையும் நம் கைகாலுக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற கருவி தள்ளுகிறது. வைவாவில் இதைக் குழப்பினால் மதிப்பெண் போச்சு.

ஸ்கேனரில் லைவ் டேட்டா (வண்டி ஓடும்போதே வரும் அளவுகள்) பார்க்க ஒரு சிக்கல் உண்டு. டெல்டா முழுக்கச் சமதரை. ஏற்றத்தில் கியர் இறங்குவதைப் பார்க்க ரயில்வே மேம்பாலம்தான் கதி. வேகம் குறையக் குறைய, மிதியையும் கியர் எண்ணையும் சேர்த்துக் கவனியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வரும் வண்டி என்றால் ஸ்கேனரில் கோடு வந்த உடனே சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். கனெக்டரைக் கழற்றி, அதன் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி வோல்டேஜையும் அளந்துவிடுங்கள். அது இறங்கினாலே சம்பந்தமில்லாத கோடுகள் வரிசையாக வரும்.