இரண்டு வாரத்துக்கு ஒரு வாய்தா

குடியோ போதைப் பழக்கமோ உள்ள பெற்றோரிடமிருந்து பிள்ளையை எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் ஒரு கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், வழக்குப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான குடும்ப நீதிமன்றத்தில் அந்தத் தாய் தானாக வாய் திறப்பது அபூர்வம். அவருடைய வக்கீல் பேசுவார், கவுன்சிலின் வக்கீல் பேசுவார், வாய்தாவுக்கு வாய்தா நீதிபதிகூட மாறலாம். 'போன சனிக்கிழமை குடித்துவிட்டேன்' என்று அவர் உண்மையைச் சொன்னால் அதுவே அவருக்கு எதிரான சாட்சியம் ஆகிவிடும். ஆகவே மறைக்கிறார். மறைத்தது பரிசோதனையில் தெரியவருகிறது. பிறகு அவர் சொல்லும் எதையும் யாரும் நம்புவதில்லை. பிள்ளை வீடு திரும்பாமல் போவதற்குக் குடி எவ்வளவு காரணமோ, இப்படி நம்பிக்கை போய்விடுவதும் அவ்வளவு காரணம்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 2008 ஜனவரியில் லண்டன் வெல்ஸ் ஸ்ட்ரீட்டில் மாவட்ட நீதிபதி நிக்கோலஸ் கிரைட்டன், போதை மற்றும் மதுவுக்கான குடும்ப நீதிமன்றத்தைத் தொடங்கிவைத்தார். முன்மாதிரி அமெரிக்காவினுடையது. அங்கே நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் 1990களின் நடுவிலேயே இப்படியொரு நீதிமன்றம் வந்துவிட்டது. ஆனால் அமெரிக்காவில் பல இடங்களில் இருக்கும் பரிசு, தண்டனை முறையை லண்டன் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே சறுக்கியதற்காக யாரையும் உள்ளே தள்ளுவதில்லை.

இதில் சேருவது பெற்றோரின் விருப்பம். முதல் வாய்தாவிலேயே நீதிமன்றக் குழு வந்து விளக்குகிறது. குழுவில் போதைச் சிகிச்சை தெரிந்தவர்கள், சோஷியல் வொர்க்கர்கள், மனநல மருத்துவரோ உளவியலாளரோ இருப்பார்கள். சில ஊர்களில், தாங்களே இந்தப் பாதையில் மீண்டு வந்த பெற்றோர் துணைக்கு நிற்பார்கள். பெற்றோர் சம்மதித்தால் மதிப்பீடு உடனே தொடங்கும். பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து திட்டம் போடுவார்கள்: எந்தச் சிகிச்சை, எந்தக் கிழமை, எத்தனை பரிசோதனை, பிள்ளையை எப்போது பார்ப்பது, இன்ன தேதிக்குள் என்ன மாறியிருக்க வேண்டும். திட்டம் எழுத்தில் இருக்கும், பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். பாதியில் விலகவும் செய்யலாம். அப்போது வழக்கு வழக்கமான தடத்துக்குத் திரும்பும்.

இதன் உயிர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் மறுஆய்வில் இருக்கிறது. வக்கீல்கள் வருவதில்லை. ஒரே நீதிபதி, பெற்றோர், நீதிமன்றக் குழுவில் அந்தப் பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் கீ வொர்க்கர், கவுன்சிலின் சோஷியல் வொர்க்கர், பிள்ளையின் சார்பில் நியமிக்கப்பட்ட காப்பாளர், அவ்வளவுதான். கீ வொர்க்கரின் சிற்றறிக்கையைப் பெற்றோர் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். நீதிபதியின் முன்னால்தான் அதை முதன்முதலாகக் கேட்கிறார்கள் என்றால் அந்தக் கூட்டம் பாழ். நல்ல நீதிபதி பிள்ளையின் பேரைச் சொல்லித் தொடங்குவார்: பல் முளைத்துவிட்டதா, இரவில் தூங்குகிறானா? அதன் பிறகே பரிசோதனை முடிவுக்கு வருவார். சட்டத் தகராறு எதையும் அங்கே தீர்க்கக் கூடாது. அப்படி ஏதாவது கிளம்பினால் வக்கீல்கள் இருக்கும் வாய்தாவுக்குத் தள்ளிவிட வேண்டும். இந்த எல்லை கலைந்துவிட்டால் பெற்றோர் மறுபடி மௌனத்துக்குப் போய்விடுவார்கள்.

தமிழில் 'சறுக்கல்' என்றும் 'பழையபடி விழுந்துவிட்டார்' என்றும் இரண்டாகச் சொல்கிறோமே, அந்த வேறுபாடு இங்கே மிக முக்கியம். ஒரு மாலை குடித்துவிட்டு மறுநாள் காலையே கீ வொர்க்கருக்குப் போன் செய்தவர் சறுக்கியவர். பத்து நாள் மறைத்து, பரிசோதனையில் பிடிபட்டவருடைய நிலை வேறு. பிள்ளையின் பாதுகாப்புக்குத் தேவை, சறுக்கவே சறுக்காத பெற்றோர் என்பதைவிட, சறுக்கிய அன்றே சொல்லக்கூடிய பெற்றோர். சொல்லிவிட்டால் அன்று இரவே பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பலாம்.

பரிசோதனைகளைப் படிக்கத் தெரியாமல் வரும் அநியாயங்கள் நிறைய. சிறுநீரில் கோகெய்னும் ஹெராயினும் சில நாளில் மறைந்துவிடும். தினமும் கஞ்சா புகைத்தவருக்கோ நிறுத்திச் சில வாரம் ஆன பின்னும் தென்படலாம். இரண்டாம் வாரத்தில் பாசிட்டிவ் வந்தது என்று பாய்ந்துவிடாமல், அளவு இறங்கிவருகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மாதிரி நீர்த்துப்போயிருக்கிறது என்று பொருள். நிறையத் தண்ணீர் குடித்தாலும் அப்படி ஆகும். மோசடி என்று எழுதுமுன் மறுமாதிரி எடுப்பதே நியாயம்.

முடிப் பரிசோதனை இன்னும் சிக்கலானது. தலைமுடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால் மூன்று சென்டிமீட்டரை மூன்று மாதக் கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கடைசி ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்த பகுதி இன்னும் தோலுக்கு வெளியே வந்திருக்காது. எந்த நேரத்திலும் தலையில் ஒரு பங்கு முடி வளராமல் நின்றுபோய் இருக்கும், பழைய போதையின் தடயம் அதில் தங்கியிருக்கும். ஆகவே இரண்டு மாதத்துக்கு முன் உண்மையாகவே நிறுத்திய தாயின் புதிதாக வளர்ந்த முடித்துண்டிலும் சிறு அளவு காட்டலாம். முடியை பிளீச் செய்தால் அளவு குறைந்துவிடும். அறையில் மற்றவர்கள் பயன்படுத்திய போதைப்பொருள் முடியில் ஒட்டவும் கூடும். முடியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, மற்றச் சாட்சியங்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2017இல் அங்குள்ள குடும்ப நீதிமன்றத் தீர்ப்பொன்றும் சொல்லிவிட்டது.

குடிக்கு அடிமையாகிவிட்ட ஒருவரிடம் 'நாளையிலிருந்து ஒரு சொட்டும் கூடாது' என்று நீதிமன்றம் சொல்வது ஆபத்து. தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தொடர்ந்து வரும் கைகால் நடுக்கமும் பிதற்றலும் உயிரைக்கூட எடுத்துவிடும். மருத்துவ மேற்பார்வையில், அளவு குறைத்துக்கொண்டே போகும் மாத்திரைகளோடு, பெரும்பாலும் ஒரு வாரத்தில் நிறுத்த வேண்டிய விஷயம் இது. இதற்கு இடம் கிடைக்கக் காத்திருக்கும் நாள்களைப் பெற்றோரின் கணக்கில் தாமதமாக எழுதக் கூடாது. ஹெராயினில் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. சில வாரம் நிறுத்தியவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடல் தாங்காமல் மூச்சு நின்றுவிடும். அந்த வீட்டில் ஹெராயினின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்து இருக்க வேண்டும், உடன் இருப்பவருக்கு அதைக் கொடுக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர் எழுதிக்கொடுத்த மெத்தடோனையோ புப்ரெனார்ஃபினையோ எடுப்பதைப் போதையில் இருப்பதாகக் கணக்கிடுவது பெரும் தவறு. இந்தத் தவறு இன்னும் நடக்கிறது.

அந்த மெத்தடோனை வீட்டில் எங்கே வைப்பது என்று கட்டாயம் கேட்க வேண்டும். பிரிட்டனில் அது பெரும்பாலும் பச்சை நிறச் சிரப்பாகத்தான் வரும். சிறு பிள்ளைக்கு ஒரு மடக்கே உயிருக்கு உலை. பூட்டுப் போட்ட பெட்டி, உயரமான அலமாரி, அளந்து குடித்த கோப்பையை உடனே கழுவிவைப்பது, இவற்றை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 'பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்' என்ற பதில் போதாது. தொட்டிலும் அப்படித்தான். குடித்த இரவிலோ மயக்கம் தரும் மருந்து எடுத்த இரவிலோ கைக்குழந்தையை ஒரே கட்டிலில் போட்டுக்கொள்ளவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடிகாரம் ஓடுகிறது. 2014ஆம் ஆண்டின் சட்டப்படி இத்தகைய வழக்கு 26 வாரத்துக்குள் முடிய வேண்டும். தேவையானால் ஒவ்வொரு தடவையும் எட்டு வாரம் வரை நீட்டலாம். பதினைந்து வருடக் குடிக்கு ஆறு மாதம் குறைவு என்பது உண்மை. ஒன்பது மாதக் குழந்தைக்கு அதே ஆறு மாதம் வாழ்நாளில் பெரும்பங்கு என்பதும் உண்மை. அதனால் போதையை நிறுத்தியபின் வளர்ப்பைப் பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது, இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. பிள்ளையோடு தாய் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுத்து, அதிலிருந்து சில நொடிகளை மட்டும் பொறுக்கி அவருக்கே காட்டுவது ஒரு வழி. குழந்தை ஒரு கட்டையை நீட்டுகிறது, தாய் நிமிர்ந்து பார்த்து வாங்கிக்கொள்கிறார், குழந்தை சிரிக்கிறது. குறை சொல்லியே கேட்டுப் பழகிய ஒருவருக்கு அந்த மூன்று நொடி செய்வதைப் பத்து அறிவுரை செய்யாது.

2023இல் வெளிவந்த மதிப்பீட்டில், இந்த நீதிமன்றத்தின் வழியே வந்த பிள்ளைகளில் 52 சதவீதத்தினர் வழக்கு முடிவில் தங்களை வளர்த்த பெற்றோரிடம் திரும்பினார்கள். வழக்கமான நீதிமன்றத்தில் அது 12.5 சதவீதம். குலுக்கல் முறையில் பிரித்த குழுக்கள் அல்ல என்பதையும், மாற விரும்புபவர்களே இதில் சேரச் சம்மதிப்பார்கள் என்பதையும் மனதில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். மற்றப் பாதிப் பிள்ளைகள் திரும்பவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். அவர்களுடைய பெற்றோரிடம் 'இந்த நேரத்துக்குள் முடியவில்லை' என்று அதே நீதிபதிதான் முகம் பார்த்துச் சொல்கிறார்.

பிள்ளை வீடு திரும்பும் வழக்குகளிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இறுதி ஆணை வந்த நாளோடு இரண்டு வார மறுஆய்வு பொதுவாக நின்றுவிடுகிறது. கவுன்சிலின் மேற்பார்வை ஆணை பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு இருக்கும், ஆனால் மாதம் ஒருமுறை வந்துபோகும் சோஷியல் வொர்க்கர் அந்த நீதிபதிக்கு ஈடாக மாட்டார். பிள்ளையும் வீட்டில், தூக்கமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை என்கிற முதல் சில மாதம்தான் சறுக்க வாய்ப்பு அதிகம். அதனால் கடைசி வாய்தாவுக்கு முன்பே திட்டத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்: சிகிச்சை எந்த மாதம் வரை தொடரும், யார் எப்போது வருவார், சறுக்கினால் இரவு எட்டு மணிக்கு எந்த எண்ணுக்குப் போன் செய்வது, அன்றிரவு பிள்ளை யார் வீட்டில் தூங்கும். அந்த உறவினரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.