ரஜூலா போன ஊருக்கு அம்மாவோடு

என் அம்மாவின் அப்பா சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ரஜூலா கப்பல் கிளம்பும் நாட்களில் மலேசியாவின் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களின் டிரங்குப் பெட்டிகளை ஏற்றிவிட்டு, ராத்திரி வீடு திரும்பி அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாராம். ரஜூலாவுக்குப் பிறகு சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985இல் அதில் தீப்பிடித்த பிறகு அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றுபோனது. அம்மாவுக்கு இப்போது 67 வயது. மூட்டுவலி. வடசென்னையில் எங்கள் காலடிப்பேட்டையை விட்டு அதிக தூரம் போனது என்றால் திருப்பதிதான். போன வருஷம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "பினாங்கு இன்னா கண்ணு, ரொம்ப தூரமா?" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதல் வேலை பாஸ்போர்ட். 60 வயது தாண்டியவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, 1,500 ரூபாய்க்குப் பதில் 1,350 கட்டினோம். அம்மா ஐந்தாவதுவரைதான் படித்தவர். "பத்தாவது பாஸ் இல்லேன்னா பாஸ்போர்ட்ல ஈசிஆர் முத்திரை விழும், மலேசியாவுக்கு ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க" என்று தெருவில் ஒருவர் சொல்லப்போக, அம்மா இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஈசிஆர் என்றால், சில நாடுகளுக்குப் போகுமுன் அரசின் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடே கிடையாது. இளையவர்களுக்கு அந்த முத்திரை இருந்தாலும், அது வேலைக்குப் போகிறவர்களுக்கான விதிதான். சுற்றிப்பார்க்கப் போகிறவர் திரும்பி வரும் டிக்கெட்டையும் தங்கும் இடத்தின் பதிவையும் கையில் வைத்திருந்தால் போதும்.

உண்மையான சிக்கல் பெயரில் வந்தது. நம்மில் பல பேருக்கு இருப்பது ஒரே பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. விமான டிக்கெட் பதிவிலோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே முடியாது. அப்பா பெயரைப் போடலாமா, இனிஷியலைப் போடலாமா என்று யோசித்து, கடைசியில் விமான நிறுவனத்துக்கே போன் செய்து கேட்டேன். இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடச் சொன்னார்கள். எங்கும் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் இதில் வழக்கம் மாறும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு பெயரைத் திருத்துவது பெரும்பாடு.

விசா? 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள்வரை மலேசியாவில் தங்க அனுமதித்திருக்கிறார்கள். ஆனாலும் நான் முதலில் போன ஒரு டிராவல்ஸில், "விசா பிராசஸிங்" என்று ஆளுக்கு 4,000 ரூபாய் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். நாம் செய்ய வேண்டியது எம்டேக் என்ற வருகைப் படிவம் ஒன்றுதான். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே நிரப்ப வேண்டும். முழுக்க இலவசம். தேடினால் அதே போலத் தோற்றமுள்ள, கார்டு எண் கேட்கும் தளங்கள் மேலே வந்து நிற்கும். பணம் கேட்டால் அது அந்தத் தளம் இல்லை, அவ்வளவுதான்.

நான் மண்ணடியில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். பணம் மாற்றுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பாஸ்போர்ட், டிக்கெட் நகல், பான் கார்டு கொண்டுபோய் நாலு கடையில் விலை கேட்டு வாங்கினேன். மலேசியப் பணமான ரிங்கிட் ஒன்று அப்போது ஏறக்குறைய 20 ரூபாய். ஐந்தும் பத்துமாகச் சில்லறை நோட்டு கேட்டு வாங்கியது முதல் நாளிலேயே உதவியது.

இனி திட்டம். இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் என் முதல் திட்டம் முழுத் தப்பு. ஒரு நாளைக்கு ஐந்து இடம் என்று எழுதி வைத்திருந்தேன். அம்மா கந்தகோட்டத்துக்குப் போய்வந்தாலே இரண்டு மணிநேரம் கால் நீட்டி உட்கார வேண்டும். அது ஞாபகம் வந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒரு நோட்டில் இடங்களை எழுதாமல் அம்மாவின் ஒரு நாளை எழுதினேன். எத்தனை மணிக்கு எழுவார், எப்போது மாத்திரை, எத்தனை நேரம் தொடர்ந்து நடப்பார், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கழிவறை வேண்டும். இடங்களை அதற்குள் பொருத்தினேன். காலையில் ஒரு இடம். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலுவரை அறை. சாயந்திரம் பக்கத்திலேயே ஒரு சின்ன நடை. மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது என்பதால் இந்தக் கணக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியது. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். இங்கே நாலரைக்கு எழும் அம்மாவுக்கு அங்கே சரியாக ஏழு மணி, விடிகிற நேரம். உடம்பைப் பழக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது.

இன்னொன்று, கோலாலம்பூரில் இறங்கி அங்கிருந்தே திரும்புவதுதான் எல்லோரும் சொன்ன வழி. பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இருந்ததால், வரும்போது அதில் வந்தோம். வந்த வழியே திரும்பும் ஒரு முழு நாள் மிச்சம்.

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். வடசென்னைக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, முன்பு பெட்டியோடு மீனம்பாக்கம் போனவர்களுக்குத் தெரியும். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் பதிவிலேயே சொல்லியிருந்தேன், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. "நான் இன்னா நோயாளியா?" என்று அம்மா கோபித்துக்கொண்டார். கோலாலம்பூரில் இறங்கி அந்த நீளமான நடைபாதையைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

விமான நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு விரைவு ரயில், ஆளுக்கு 55 ரிங்கிட், அரை மணிநேரம். இரண்டு பேர் என்றால், போன் செயலியில் கூப்பிடும் கிராப் டாக்ஸி ஏறக்குறைய அதற்குள்ளோ அதைவிடக் குறைவாகவோ முடிந்துவிடும். ஆனால் நெரிசல் நேரத்தில் ரயில்தான் நம்பகம். நாங்கள் ரயிலில் போனோம். பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்திருந்தேன். கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பகுதி, வெளியே வந்தால் பூக்கட்டும் கடை, இட்லி, வாழையிலைச் சாப்பாடு. ரயில்வேயில் வேலை செய்த தமிழர்கள் அந்தக் காலத்திலிருந்து குடியிருந்த இடம். வெளிநாட்டவர்களிடம் அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். இணையத்தில் கட்டிய தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டச் அண்ட் கோ என்ற அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் ரயில், பஸ் எல்லாவற்றிலும் தட்டிவிட்டுப் போகலாம். ஒரு முறை அம்மாவுக்காக டோக்கன் எடுத்தேன். நீல நிறத்தில் வட்டமான பிளாஸ்டிக் வில்லை. உள்ளே போகும்போது காட்ட வேண்டும், வெளியே வரும்போது துளையில் போட வேண்டும். "நம்ம மெட்ரோல முன்னாடி குடுத்தாங்களே, அதானே" என்று அம்மா வாங்கித் தானே போட்டார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதால் மூன்று மலாய்ச் சொற்களைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். மாசுக் என்றால் உள்ளே, கெலுவார் என்றால் வெளியே, தண்டாஸ் என்றால் கழிவறை. எழுத்தின் வடிவத்தை வைத்தே பலகையில் கண்டுபிடித்துவிடுவார். கடைக்கு மலாயில் கெடாய், கப்பலுக்குக் கப்பால், கட்டிலுக்குக் காத்தில் என்று சொன்னபோது, "அப்போ நம்ம ஆளுங்க எவ்ளோ காலமா வந்துனு இருக்காங்க பாரு" என்றார்.

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்தே கொம்யூட்டர் என்ற புறநகர் ரயில் போகிறது. கடைசி நிலையம், இறங்கினால் கோயில். நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு. ரயில்கள் அடிக்கடி இல்லை, அதனால் திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடன் குறித்துக்கொள்ள வேண்டும். முருகன் சிலை 140 அடி. நிமிர்ந்து பார்த்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். குகைக்குப் போக 272 படி. இதற்காக நான் இரண்டு வாரம் கவலைப்பட்டிருந்தேன். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நீ போய்ட்டு வா. அவரு கீழயும்தான் நிக்கிறாரே."

நான் ஏறி இறங்கி வருவதற்கு முக்கால் மணி ஆனது. திரும்பி வந்தபோது அம்மா பக்கத்தில் ஈப்போ என்ற ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி. இரண்டு பேருமாக ஒரே பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்க தாத்தா மெட்ராஸ்லதான்மா கப்பல் ஏறுனாரு" என்று அந்தப் பாட்டி சொல்ல, "அப்ப எங்கப்பன்தான் பெட்டிய ஏத்தியிருப்பாரு" என்று அம்மா சொல்லியிருக்கிறார். நான் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவே இல்லை. பாட்டியின் விரல்கள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. அந்த ரயிலை விட்டோம். அடுத்ததையும் விட்டோம். ஐந்து இடம் எழுதிய பழைய தாள்படி போயிருந்தால், அந்த நேரத்துக்கு அம்மாவை எழுப்பி வேறெங்கோ இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

மறுநாள் காலை ஒரு ஸ்டேஷன் தள்ளி பசார் செனியில் இறங்கி மகாமாரியம்மன் கோயில். 1873இல் ஏற்பட்ட கோயில், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரக் கட்டடத்தின் மேலே போக நினைக்கிறவர்கள் திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள், அன்று விடுமுறை. நாங்கள் சாயந்திரம் கீழே பூங்காவில் உட்கார்ந்து விளக்கு போடுவதைப் பார்த்தோம்.

பினாங்கு ஒரு தீவு. எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை இடிஎஸ் என்ற விரைவு ரயில், ஏறக்குறைய நாலு மணிநேரம். பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வார இறுதிகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஏசி உறைய வைக்கும், போர்வை போல ஏதாவது வேண்டும். ஈப்போ பக்கம் செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலைகள். அப்புறம் புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர்தான்.

பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்து கூரை போட்ட பாதையில் நடந்தால் படகுத்துறை. அட்டையைத் தட்டிவிட்டு ஏறினோம். கால் மணிநேரம்தான் பயணம். பலர் அதை மறந்துவிட்டுப் பாலத்தின் வழியாக டாக்ஸியில் போகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். துறைமுகத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் கட்டியிருந்தது. "இங்கதான் வந்து நின்னிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அங்கே தங்கிய இடத்தில் ஏமாந்தோம். லிஃப்ட் இருக்கிறதா என்று செய்தி அனுப்பிக் கேட்டதற்கு இருக்கிறது என்றுதான் பதில் வந்திருந்தது. போனால் பழைய கடைவீடு, செங்குத்தான மரப்படி, இரண்டாம் மாடி. அன்று இரவு அம்மா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. காலையில் வேறு விடுதிக்கு மாறினோம், கட்டிய பணம் போனது போனதுதான். இனிமேல் "தெருவிலிருந்து கட்டில்வரை எத்தனை படி?" என்றுதான் கேட்பேன்.

பினாங்கின் பழைய நகரத்துக்கும் ஜார்ஜ் டவுன் என்றே பெயர். என் அலுவலகம் இருப்பதும் ஜார்ஜ் டவுன்தான். நம்முடையதற்கு ஐந்தாம் ஜார்ஜ், அவர்களுடையதற்கு மூன்றாம் ஜார்ஜ். அவர்களுடையது 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குவீன் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில், நடக்கும் தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா தெரு, நாசி கண்டார் கடைகள். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போலக் கம்பு சுமந்து சோறும் குழம்பும் விற்றதிலிருந்து வந்த சாப்பாடு அது. இந்தப் பகுதிக்குள் சுற்ற இலவச பஸ் ஒன்று ஓடுகிறது. உட்கார்ந்தபடியே ஒரு சுற்று சுற்றிவிட்டு, பிறகு எங்கே இறங்குவது என்று முடிவு செய்தோம். பினாங்கு மலைமேல் ஏறும் ரயிலுக்குப் போக 204ஆம் எண் பஸ்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்தது இவை எதுவும் இல்லை. கரையோரமாகக் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் மரவீடுகள்தான், சூ ஜெட்டி என்கிறார்கள். பலகை நடைபாதையின் இடுக்குகளில் கீழே தண்ணீர் தெரியும். வாசலில் சிவப்பு மாடத்தில் ஊதுபத்தி. ஒரு வீட்டு முன்னால் சின்ன மீன்களைத் தட்டில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். அம்மா குனிந்து ஒன்றை எடுத்து முகர்ந்து, வைத்த இடத்திலேயே வைத்தார். வீட்டுக்காரச் சீனப் பெண்மணி உள்ளிருந்து சிரித்தார். "காசிமேட்டு வாசன" என்றார் அம்மா அவரிடமே, தமிழில். அந்த அம்மாள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

இரண்டு பேருக்கு ஆறு நாள், விட்ட விடுதிக் காசையும் சேர்த்து ஏறக்குறைய 90,000 ரூபாய் ஆனது. வந்து ஒரு மாதம் இருக்கும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓடுகிறது என்று அம்மா எங்கேயோ கேட்டுவிட்டு வந்தார். விமானம் வேண்டாமாம், கப்பல்தானாம். இலங்கைக்கான அனுமதிப் படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். அதிலும் குடும்பப் பெயர் கேட்கிறார்கள்.