அரிவாள் பட்டறையை முறையாகப் பதிவு செய்து நடத்தத் தொடங்கியது

மானாமதுரையிலிருந்து திருப்பாச்சேத்தி போகிற வழியில் எங்கள் பட்டறை இருக்கிறது. அரிவாள், மண்வெட்டி, கோடாலி செய்வோம், கடப்பாரைக்கு முனை அடித்துக் கொடுப்போம். அப்பாவுக்குத் தோள்பட்டை முடியாமல் போய் நான் பொறுப்பெடுத்த பிறகு கேட், கிரில் வேலையும் சேர்ந்தது. அதுவரைக்கும் பட்டறையின் பெயரில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. அதைப் பதிவு செய்து, கரண்டு லைன் மாற்றி, கடன் வாங்கி, ரசீது போடுகிற நிலைக்குக் கொண்டுவந்ததை எழுதுகிறேன். வீட்டுப் பெரியவர்களிடமிருந்து உலையை வாங்கி நடத்த நினைக்கிற தம்பிகளுக்கு உபயோகப்படும்.

எல்லோரும் பதிவு, கடன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் விலையைச் சரிசெய்யுங்கள் என்பேன். எங்கள் பக்கம் அரிவாளை எடை பார்த்து விலை கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. "என்ன ஆசாரி, பழைய லாரி ஸ்பிரிங் பட்டை என்ன விலைக்கு வருது? அதுக்கு இவ்வளவா?" என்று கேட்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. பதில் நம் நோட்டில் இருக்க வேண்டும். நான் கரி மூட்டை, பட்டை, சம்மட்டி ஆள் கூலி, பிடிக்கட்டை, பூண், சாணைக்கல் தேய்மானம், கரண்டு எல்லாவற்றையும் ஒரு மாதம் விடாமல் எழுதினேன். அதை அந்த மாதம் தேறிய உருப்படிகளால் வகுத்தேன். தேறிய உருப்படி என்பதுதான் முக்கியம். சூட்டோடு தண்ணீரில் விட்டதும் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், மயிரிழை வெடிப்பு விட்டுப் போனதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனால் அதற்குச் செலவான கரியும் கூலியும் மற்றதன் தலையில் ஏறத்தான் செய்யும். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பங்கு கூலியும் கரியும்தான், பட்டை விலை அதற்கெல்லாம் கீழே.

கரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் எரிப்பது சீமைக்கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்து, அதாவது மூட்டம் போட்டு எடுப்பது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிட்டால் மூட்டம் போட முடியாது, விறகும் நனைந்துவிடும். கரி விலை ஏறும், வருகிற கரியும் ஈரமாக வரும். ஈரக்கரியில் சூடு சீராக ஏறாது, பட்டையின் ஒரு பக்கம் சிவக்கும்போது மறுபக்கம் கறுப்பாகவே நிற்கும். அதனால் புரட்டாசிக்குள் மழைக்காலத்துக்கு வேண்டிய கரியை வாங்கி, தரையில் கட்டை போட்டு அதன்மேல் அடுக்கிவிடுகிறேன். அந்த நேரத்தில் கையில் பணம் இருக்க வேண்டும். கடன் தேவைப்பட்டதற்கு மெஷினோடு இதுவும் ஒரு காரணம்.

விலை கேட்டு மலைப்பவரை இப்போது உலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பதம் வைப்பதைப் பார்க்கச் சொல்கிறேன். உலையில் சிவக்கக் காய்ந்த அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் விட்டு எடுத்து, செங்கல் துண்டால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் இரும்பு வெள்ளையாகத் தெரியும். முதுகில் இருக்கிற சூடு வாயை நோக்கி இறங்க இறங்க அந்த வெள்ளையில் நிறம் ஓடும். வைக்கோல் நிறம் வந்ததும் திரும்பவும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நீலம் ஓட விட்டால் வாய் மெத்தென்று ஆகிவிடும், முந்தினால் கல்லில் பட்டதும் சில்லாகத் தெறிக்கும். இதை ஒருமுறை பார்த்தவர் அப்புறம் எடை பேசுவதில்லை.

சரி, காகிதத்துக்கு வருவோம். முதலில் உத்யம் பதிவு, குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கிற பதிவு. ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது. அரசாங்கத் தளம் போலவே இருக்கிற சில தளங்கள் பணம் கேட்கும், அங்கே போகாதீர்கள். தொழில் வகை கேட்கிற இடத்தில் யோசித்து நிரப்புங்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண் உண்டு: கைக்கருவி செய்வது 2593, கேட், கிரில் போன்ற கட்டுமான இரும்பு வேலை 2511. இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டால் பின்னால் வங்கியில் கேள்வி வராது.

அந்தச் சான்றிதழ் எனக்கு முதலில் உதவியது கரண்டு விஷயத்தில். பட்டறை லைன் கடை லைனாக, வணிகக் கட்டணத்தில் இருந்தது. குறுந்தொழிலுக்கு 3ஏ1 என்று தனிக் கட்டணம் உண்டு, 12 கிலோவாட் வரைக்கும். வணிகக் கட்டணத்தைவிட யூனிட் விலை குறைவு. உத்யம் சான்றிதழை வைத்து மனுக் கொடுத்தேன். நேரில் வந்து மோட்டார், ஊதுலை, வெல்டிங் செட் எல்லாவற்றையும் பார்த்து லோடு, அதாவது மொத்தம் எத்தனை கிலோவாட் என்று எழுதிப் போனார்கள். வெல்டிங் செட் இருந்தால் கெப்பாசிட்டர் போட்டிருக்க வேண்டும், அதை மட்டும் அவர்கள் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்து முடித்துவிடுங்கள். மோட்டாரில் ஓடுகிற சம்மட்டியான பவர் ஹேமர் வாங்குகிற எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்து லோடு கணக்குப் போட்ட பிறகே மனு எழுதுங்கள்.

கடனுக்கு, சிறுதொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ராவில் கிஷோர் பிரிவு, 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை. முதலில் போன வங்கியில் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். முத்ரா கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. அதைத் தன்மையாகவே சொல்லிப் பார்த்தேன், நகரவில்லை. வேறு வங்கிக்குப் போனேன். அந்த மேனேஜர் மெஷின் கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு என் செலவு நோட்டைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மழைக்காலத்தில் கரிச் செலவு ஏன் இறங்குகிறது என்று கேட்டார். புரட்டாசியில் மொத்தமாக வாங்குவதைச் சொன்னேன். அதற்கப்புறம் பேச்சு சுலபமாகப் போனது.

ஜிஎஸ்டியில் நம் தொழிலுக்கு இரண்டு முகம் இருக்கிறது. அரிவாள், மண்வெட்டி, கோடாலி எல்லாம் 8201 என்ற பொருள் எண்ணில் வரும் கைக்கருவிகள், வரி இல்லை. கேட், கிரில் 7308, அதற்கு 18 சதவீதம். பொருள் மட்டும் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சம் விற்றுமுதல் வரை பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் சாணை பிடிப்பது, முனை அடிப்பது கூலி வேலை என்பதால் சேவைக் கணக்கு. அது கலந்தால் வரம்பு 20 லட்சம் என்று ஆடிட்டர் விளக்கினார். ஒரு பள்ளிக்கூடக் காம்பவுண்டு கேட்டுக்கு ஒப்பந்ததாரர் வரி ரசீது கேட்டதால் நான் பதிவு செய்துகொண்டேன். அரிவாளுக்கு வரி இல்லையே என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அதற்காக வாங்கிய இரும்புக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது அப்படியே அடக்க விலையில் ஏறும்.

கடைசியாக, அரிவாள் அடிக்கிறவர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு வேலை. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகளுக்கு எதிராகச் சோதனை நடத்தியபோது, வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பரைப் பட்டறைகள் எழுதிவைக்க வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். அப்பாவுக்கு அது மனவருத்தமாக இருந்தது. நம்மையே சந்தேகப்படுகிறார்கள் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரான ஆயுதம் கட்டுப்பாட்டில் வரும். வீடு, விவசாயம், தொழிலுக்காகச் செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நம் அரிவாள் அந்த விலக்கில்தான் நிற்கிறது. அதனால் என் நோட்டில் எதற்கு வாங்குகிறார் என்றும் ஒரு பத்தி வைத்திருக்கிறேன்: கருவேலம் வெட்ட, இளநீர்க் கடைக்கு, தென்னை மட்டை கழிக்க. கருப்பசாமி கோயிலுக்கு நேர்த்திக்கடனாகப் பெரிய அரிவாள் கேட்டு வந்தால் கோயில் பெயரையும் எழுதிக்கொள்வேன். அதற்கு வெட்டுகிற வாய் வைப்பதில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுவேன். விவரம் தர மாட்டேன் என்பவர் எவ்வளவு தெரிந்தவரானாலும் கொடுப்பதில்லை. இதனால் போன வியாபாரம் உண்டு. போனது போகட்டும் என்று இப்போது அப்பாவே சொல்கிறார், நான் வெளியே போயிருக்கும் நேரத்தில் நோட்டை எழுதுவதும் அவர்தான்.