சீலா மெலிந்ததா, அளவு பிழைத்ததா?

"இந்த முறை சீலா மெலிஞ்சு போய்க் கிடக்கு" என்று வாழைச்சேனைத் துறையிலோ கல்முனைக் கரையிலோ பேச்சு எழுந்தால், அதைச் சோதிக்க, மீன் தன் நீளத்துக்கு எவ்வளவு கொழுத்திருக்கிறது என்று காட்டும் ஃபுல்டன் சுட்டெண் இருக்கிறது. கிராமில் நிறையை நூறால் பெருக்கி, சென்றிமீற்றரில் நீளத்தின் மும்மடியால் வகுப்பதுதான் கணக்கு. 40 செ.மீ. நீளமும் 350 கிராம் நிறையும் உள்ள மீனுக்கு 0.55 வரும். சீலாவின் உடல் ஈட்டி போன்றது. அதனால் அந்த எண்ணை, உடல் அகன்ற பாரை மீனின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

அதே மீனை வால் நுனிவரை அளக்காமல் வால் கவைவரை (வால் பிளவுபடும் இடம்வரை) அளந்தால் நீளம் 36 செ.மீ., சுட்டெண் 0.75. மீன் ஒன்றுதான், கொழுத்துவிட்டது போல் தோன்றுகிறது! இருவர் இரண்டு விதமாய் அளந்த தாள்களை ஒன்றாக்கினால் ஒரு பருவத்து உழைப்பே வீண். 40 செ.மீ. மீனில் ஒரு சென்றிமீற்றர் குறைத்து அளந்தாலே ஏறக்குறைய 8 வீதம் கூடிவிடும். சீலாவுக்குக் கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். வாயை மூடி, அந்த நுனியை அளவுப் பலகையின் தலைக்கட்டையில் முட்ட வைத்தே வாசிக்க வேண்டும். விறைத்து வளைந்த மீனை மெதுவாக நிமிர்த்தி அளக்கலாம். வால் முறிந்ததை விட்டுவிடுவதே நல்லது. ஐஸ் நீரைத் துடைக்காமல் தராசில் போடக் கூடாது. 15 செ.மீ. குஞ்சு 20 கிராம் அளவுதான் இருக்கும். 5 கிராம் பிரிவுள்ள தராசு அதற்கு உதவாது.

வயிற்றையும் பார்க்க வேண்டும். 40 கிராம் சூடை மீனை விழுங்கிய சீலா கொழுத்த மீன் அல்ல. சினை முற்றிய பெண்மீனும் அப்படித்தான். முட்டையிட்டதும் நிறை இறங்கும், அதை நோய் என்றோ பட்டினி என்றோ எழுதிவிடக் கூடாது. குடலும் சினையும் நீக்கிய நிறைதான் உடலின் உண்மையைச் சொல்லும். ஆனால் கீறிய மீனுக்கு ஏலத்தில் விலை விழும், நட்டம் வியாபாரிக்கு. ஒவ்வொரு முறையும் ஐந்தாறு மீனையாவது காசு கொடுத்து வாங்கிக் கீறுவதே முறை.

மிகப் பெரிய பிழை இனத்தில் நேர்கிறது. சந்தையில் எல்லாம் சீலாதான். ஆனால் ஸ்பைரீனா ஒப்டுசாட்டா 55 செ.மீ.க்கு மேல் வளர்வதில்லை. ஸ்பைரீனா ஜெல்லோ ஒரு மீற்றரையும் தாண்டும், பக்கவாட்டில் கருங்கோடுகள் இறங்கும். ஸ்பைரீனா பராகுடாவுக்கு அடிப்பக்கத்தில் ஒழுங்கற்ற கரும்புள்ளிகள். கரைவலை மடியில் வந்த சிறியவை ஒரு இனமும் தூண்டிலில் வந்த பெரியவை இன்னொரு இனமுமாக ஒரே நீள-நிறை வரைபில் விழுந்தால், கிடைக்கும் அடுக்கெண் எந்த மீனுக்கும் உரியதல்ல. நீளம் கூடும்போது நிறை எந்த அடுக்கில் கூடுகிறது என்பதே அடுக்கெண். நீளமும் நிறையும் மடக்கையில் (log) இட்டு வரும் அது 3 என்றால் உருவம் மாறாமல் வளர்கிறது, குறைந்தால் நீள நீள மெலிகிறது. 2.9 என்றாலே, 20 செ.மீ.யிலிருந்து 80 செ.மீ. ஆவதற்குள் ஃபுல்டன் எண் 13 வீதம் இறங்கிவிடும். அங்கே லெ கிரென் 1951இல் முன்வைத்த சார்பு நிலைமைக் காரணியே பொருத்தம்: உண்மை நிறையை, அந்த நீளத்துக்கு எதிர்பார்க்கும் நிறையால் வகுப்பது. ஒன்றுக்குக் கீழே போனால், மெலிந்தது என்று துணிந்து பேசலாம்.

செவுள் வலையும் ஏமாற்றும். அது நீளத்தைவிட உடற்சுற்றளவையே தெரிவு செய்கிறது. ஒரே அளவு வலைக்கண்ணில் குட்டையான கொழுத்ததும் நீண்ட மெலிந்ததும் சிக்குவதால் அடுக்கெண் பொய்யாகக் குறையும். மாதந்தோறும் நீளப் பரம்பலை (எந்த நீளத்தில் எத்தனை மீன் என்பதை) வரைந்து வளர்ச்சியைத் தேடும்போதும் இதே தொல்லை: கண்ணளவு மாறாதவரை முகடு நின்ற இடத்திலேயே நிற்கும், கடலில் மீன் வளர்ந்துகொண்டே இருந்தாலும். கண்ணளவு எழுதாத தாளை வளர்ச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.