பன்னிரண்டு சென்ட்

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். அப்பாவுக்குக் கால் வீங்கிக் கிடப்பதால் நான் மட்டும் ஆராதனைக்குப் போய் வந்தேன். லெந்து காணிக்கை உறையை மேசைமேல் வைத்தேன். கையோடு வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர் இந்த முறை தொடவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

நாலு மணி நேரம் டயாலிசிஸ் மிஷினில். ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து பிஸ்டுலா போட்ட இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடுவது தெரியும். அதைத் தடவிக்கொண்டே கிடந்தவர் திடீரென்று சொன்னார்: "மக்களே, கோயில் கோபுர வேலைக்கு வச்சிருக்க அஞ்சு லட்சத்தக் குடுக்காண்டாம்."

"ஏன்பா?"

"அது எனக்க காசு இல்ல."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வரும்வரை ஆட்டோவில் கண்ணை மூடியே இருந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

ஆயர் வீட்டுக்கு வந்தார். அப்பா அவரிடமும் அதையே சொன்னார். கோபுர வேலை பாதியில் நிற்கிறது, பணத்தேவை அவருக்குத்தான் அதிகம். ஆனாலும் அவர் மத்தேயு 5-ஐ எடுத்து, காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் வசனத்தை வாசித்து, ஜெபித்துவிட்டுப் போனார். அந்த மனுஷன்மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

தூக்கம் வரவில்லை.

மிஷினில் கிடக்கும்போது அப்பா மாற்கு 12-ஐ வாசிக்கச் சொன்னார். ஏழை விதவை இரண்டு காசு போடுகிற இடத்திலிருந்து ஆரம்பித்தேன். "அதுக்கு மேல இருந்து படி" என்றார். மேலே 40-ஆம் வசனம். வேதபாரகரைப் பற்றி இயேசு சொல்கிறார், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்கள் என்று. அதை ஒட்டியே காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து அந்த விதவையைக் காட்டுகிறார். லூக்காவிலும் இதே வரிசைதான்: 20-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் பட்சித்தவர்கள், 21-ஆம் அதிகாரத்தின் தொடக்கம் இரண்டு காசு. சின்ன வயதிலிருந்து எத்தனை ஸ்தோத்திர காணிக்கைப் பிரசங்கம் கேட்டிருப்பேன். விதவையைப்போல் கொடுங்கள் என்பார்கள். அவள் கையில் ஏன் இரண்டே காசு மிஞ்சியது என்று யாரும் கேட்டதில்லை.

அப்பா கேட்டுவிட்டார். படுக்கையில் கிடந்துகொண்டு, ஊசி குத்திய கையை அசைக்காமல்.

அப்புறம் மெதுவாக, "உனக்க மாமி இப்பம் எங்க வேலைக்குப் போறா?" என்றார். சொந்தத் தங்கச்சி. மூன்று கிலோமீட்டர் தூரம்.

மார்ச் 14, வெள்ளி

முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீசில்தான். இன்னமும்.

மார்ச் 18, செவ்வாய்

வக்கீலிடம் பழைய பத்திரங்களைக் காட்டினேன். தாத்தா உயில் எழுதாமல் இறந்தது 1991-இல். மாமி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து போட்டது அடுத்த வருஷம். பெண்பிள்ளைக்குச் சீதனம் கொடுத்தாச்சு, இனி பாகம் கிடையாது என்று சொல்லித்தான் கூட்டிப் போயிருக்கிறார்கள். வக்கீல் சொன்னார்: "மேரி ராய் வழக்கில் 1986-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியாச்சு. மகளுக்குச் சம பாகம் இல்லைன்னு சொன்ன 1916-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் 1951-லேயே செத்துப்போனது." 1951-இல் நம் கன்னியாகுமரிப் பக்கமும் திருவிதாங்கூர்-கொச்சிதானே. அப்படியானால் மாமி கையெழுத்து போட்ட நாளில் அவருக்குச் சம பாகம் இருந்திருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

மார்ச் 20, வியாழன்

பொட்டாசியம் கூடியிருக்கிறது. இளநீர் கூடாது, நேந்திரம்பழம் கூடாது. தோப்பு நிறைய இரண்டும் நிற்கிறது.

மார்ச் 26, புதன்

அண்ணன் துபாயிலிருந்து கூப்பிட்டான். முக்கால் மணி நேரம். மாமி பாகத்துக்காக அப்பா கொடுக்கச் சொன்ன ரோட்டோரப் பன்னிரண்டு சென்ட் நிலத்தைக் கொடுக்க வேண்டாமாம், வழிகாட்டி மதிப்பைக் கணக்குப் போட்டு மாமிக்குப் பணமாகக் கொடுத்துவிடலாமாம். வழிகாட்டி மதிப்பு எவ்வளவு, ரோட்டோர விலை எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாதா? தாவீது அர்வனாவின் களத்தைச் சும்மா வாங்க மறுத்து ஐம்பது சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தானே, இலவசமாய் வாங்கிப் பலி செலுத்த மாட்டேன் என்று. நமக்கு வலிக்காத அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பதற்கு மனந்திரும்புதல் என்று பெயர் வைக்க என்னால் முடியாது. இதை அண்ணனிடம் கத்தியே சொன்னேன்.

அந்தப் பன்னிரண்டு சென்ட் எனக்கு என்றுதான் வீட்டில் பேச்சு இருந்தது. அதில் ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும், வாசலில் ஒரு மாதுளை வைக்க வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். அதனால்தான் கத்த முடிந்தது.

மார்ச் 30, ஞாயிறு

அப்பா நன்றாகப் பேசினார். மயிலாடிக்கு 1806-இல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் கதை. சம்பளம் வந்தால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார், 1816-இல் ஊரைவிட்டுப் போகும்போது உடுத்த நல்ல கோட்டுகூட இல்லை. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது இதைச் சொல்லும் அப்பாவின் குரலில் ஒரு பெருமை இருக்கும். இன்று அது இல்லை. பாதியில் நிறுத்தி, "அநியாயமா வாங்கினத நாலத்தனையாத் திருப்பித் தாறேன்னு வேதத்துல சகேயு சொன்னானே. பன்னெண்டுக்கு நாப்பத்தெட்டு. ஆக மொத்தம் நம்மட்ட நாப்பது சென்டுதான் இருக்கு" என்றார்.

ஏப்ரல் 4, வெள்ளி

மாமி வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து வந்து உலை வைத்துக்கொண்டிருந்தார். அண்டித் தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்து, தோல் உரிந்து கிடக்கிறது. அரிசி அளந்து களைவதற்கு முன்னால் அந்த விரல்களால் ஒரு பிடி எடுத்து, அடுப்புப் பக்கத்தில் இருந்த பால்பவுடர் டப்பாவில் போட்டார். கோயிலுக்குப் பிடியரிசி. சாக்கிலிருந்து எடுக்கவில்லை, தனக்கென்று உலைக்கு அளந்ததிலிருந்து எடுத்தார். இராத்திரி அந்த ஒரு பிடி குறையும் அவருக்கு.

நிலத்தைப் பற்றிச் சொன்னேன். அழுவார், அல்லது வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன். அகப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "அவனே வந்து சொல்லட்டும்" என்றார்.

ஏப்ரல் 5, சனி

அவரால் நாலு படி ஏற முடியாது. ஆனாலும் போகிறேன் என்கிறார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் அப்பாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். இறங்க முடியவில்லை. மாமி குருத்தோலையோடு முற்றத்தைத் தாண்டி வந்து ஆட்டோ பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சி, நான் ஒனக்க பங்கத் தின்னுட்டேன்."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னது: "நிலம் போனதுகூட இல்ல அண்ணே. ஒவ்வொரு அறுப்புப் பண்டிகைக்கும் நீ குடுத்த தொகைய மைக்குல வாசிப்பாங்க. பெண்கள் பக்கத்துல நான் இருந்து கேப்பேன். எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்து, ஒனக்க அண்ணன்னு சந்தோசமா சொல்லுவாங்க. அதத்தான் தாங்க முடியல."

அப்பா இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். மாமி அதைப் பிடித்து இறக்கிவிட்டார். "வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எனக்க மகளுக்கு வேணும், வாங்கிக்கிடுவேன். மன்னிச்சாச்சான்னு மட்டும் இப்பம் கேக்காத."

வரும் வழியில் அப்பா, "சரியாத்தான் சொன்னா" என்றார். இரவு கஞ்சி குடித்தார்.

ஏப்ரல் 16, புதன்

காணிக்கை உறையில் என்ன போடுவது என்று கேட்டேன். மாத்திரை வாங்கிய மிச்சம் நூற்றிப் பத்து ரூபாய் சட்டைப்பையில் இருந்தது. அதைப் போட்டு ஒட்டச் சொன்னார். பெயர் எழுத வேண்டாமாம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி வரை கோயிலில். மாமி முன் வரிசையில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பேசவில்லை.

ஏப்ரல் 19, சனி

அண்ணன் திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டான். ஒரே மகன் நான் இருக்கும்போது என்னைக் கேட்காமல் எப்படி என்று போனிலேயே ஆரம்பித்துவிட்டான். பத்திரம் திங்கட்கிழமை, டோக்கன் எடுத்தாச்சு. அப்பாவை மாடி ஏற்ற முடியாவிட்டால் பதிவாளரே கீழே வந்து கைரேகை வாங்குவாராம், எழுத்தர் சொன்னார். இன்றைக்கு மிஷினில் இரண்டு தடவை பிரஷர் இறங்கிவிட்டது. மூல ஆவணம், வில்லங்கச் சான்று, இரண்டு சாட்சிகளின் ஆதார். மாமியிடம் போட்டோ வாங்க வேண்டும்.