'தி பில்லோ புக்' படத்தைத் தேர்வுக்கு நான் படித்த விதம்

திரைப்பட ஆய்வுப் பாடத்தில் பீட்டர் கிரீனவேயின் 'தி பில்லோ புக்' (1996) இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பெரிய கேள்வியே இந்தப் படத்திலிருந்துதான் வந்தது.

கதையை எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். கியோட்டோவில் வளர்ந்த நாகிகோ, எழுத்தாளரான தன் அப்பாவைச் சுரண்டிய பதிப்பாளரை ஹாங்காங்கில் மறுபடி எதிர்கொள்கிறாள். காதலன் ஜெரோம் இறந்ததும் அந்தப் பதிப்பாளர் அவன் உடலைத் தோண்டியெடுத்து, தோலை உரித்துப் புத்தகமாக்குகிறார். அவள் பழிவாங்குகிறாள். கதைக்கு இவ்வளவு போதும்.

ஒவ்வொரு காட்சியிலும் தூரிகை யார் கையில் இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே போனேன். படமே அதில் பிடிபட்டுவிட்டது. பிறந்தநாள்தோறும் அப்பா மகளின் முகத்தில் வாழ்த்து எழுதி, பின்கழுத்தில் தன் பெயரை இடுகிறார். கடவுள் களிமண் பொம்மைக்குக் கண்ணும் உதடும் வரைந்து, மனதுக்குப் பிடித்ததும் கையெழுத்திட்டு உயிர் கொடுத்தார் என்ற கதையைச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். அங்கே அவள் வெறும் தாள். பெரியவளான பிறகும் நன்றாக எழுதத் தெரிந்த ஆண்களைத் தேடித் தன் உடம்பை நீட்டுகிறாள். 'என் உடம்பில் நீ எழுது' என்று ஜெரோம் சொல்லும்போதுதான் தூரிகை அவளிடம் வருகிறது. அப்புறம் 13 நூல்கள், எல்லாமே ஆண்களின் உடல்மேல். கடைசி நூலைச் சுமந்து வருபவன் ஒரு மல்லன். அதைப் படித்து முடித்த பதிப்பாளர் அவன் கையால் சாகச் சம்மதிக்கிறார். எழுத்தே தண்டனையாகிவிடுகிறது. என் விடையின் மையம் இந்த இடம்தான்.

நிர்வாணத்தைப் பற்றி எழுதக் கூச்சப்பட வேண்டாம், சுற்றி வளைக்கவும் வேண்டாம். அந்த 13 நூல்களில் ஒன்றான மௌனத்தின் நூல் நாக்கில் எழுதப்பட்டிருப்பதைப் பாருங்கள். உடம்பின் எந்த இடம் என்பதும் வாசகத்தில் சேர்த்திதான்.

சட்டகத்துக்குள் சட்டகம் வருவதை, அதாவது ஒரு காட்சிக்குள்ளேயே இன்னொரு காட்சி சின்னக் கட்டமாகத் தெரிவதை, விளக்க நீள விவரிப்பைவிட ஒரு சின்னக் கோட்டுப்படம் மேல். ஒரு காட்சியை நிறுத்தி, கட்டம் போட்டு வரைந்து பழகுங்கள். தேர்விலும் அதையே வரையலாம். ஒளிப்பதிவாளர் சாஷா வியர்னியின் பெயரை அங்கே சேர்த்துவிடுங்கள்.

நேரம் இருந்தால், சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் ஜப்பானின் ஹெயான் கால அரசவையில் இருந்த செய் ஷோனகான் எழுதிய, படத்துக்குப் பெயர் தந்த மூலநூலில் கொஞ்சம் படியுங்கள். அவர் பிடித்தவை, எரிச்சலூட்டுபவை என்று பட்டியல் போட்டே எழுதியவர். நாகிகோவின் நூல்கள் ஏன் எண் வரிசையில் வருகின்றன என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.