தாய் தகப்பன் பார்த்துக் காடை வளர்ப்போம்

கிருஷ்ணகிரிப் பக்கம் காடை வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஐந்து வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வந்துவிடும். ஏழெட்டு கிராம் எடையில் பொரிக்கும் குஞ்சு, தீவனமும் வெப்பமும் குறைவில்லாமல் கிடைத்தால், ஐந்தாவது வாரத்தில் 180 முதல் 200 கிராம் வரை எடை கட்டிவிடும். ஆனால் குஞ்சை வாங்கி வளர்த்து விற்பது வேறு. நம் வீட்டுக் காடை இட்ட முட்டையிலிருந்தே குஞ்சு எடுத்து, அதன் வழியில் தலைமுறைகளைத் தொடர்வது வேறு. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் கவனமும் பொறுமையும் அதிகம் வேண்டும்.

நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் சென்னை நந்தனத்திலும் மேம்படுத்திய ரகங்கள் நம் ஊர்களுக்கு நன்றாக ஒத்துவருகின்றன. கொள்ளுக் காட்டிலும் கேழ்வரகுக் கொல்லையிலும் விருட்டென்று எழும்பிப் பறக்கும் காட்டுக் காடை வேறு இனம். அதைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

காடை ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். முட்டை 17 அல்லது 18 நாளில் பொரிக்கும். அதனால் ஓர் ஆண்டுக்குள்ளேயே மூன்று தலைமுறைகளைத் தாண்டிவிடலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஒரே கூண்டில் பிறந்தவற்றையே மறுபடியும் மறுபடியும் சேர்த்துவிட்டால், உறவுக் கலப்பின் கேடு கோழியைவிடக் காடையில் விரைவாகவும் கடுமையாகவும் தெரியும். முதலில் கூமுட்டை பெருகும், பிறகு குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும், தப்பிப் பொரித்தவையும் நோஞ்சானாக இருக்கும். முட்டை பொரிக்கவைக்கும் கருவியான இன்குபேட்டரில் கோளாறு என்று எண்ணி அதைத் திரும்பத் திரும்பப் பழுதுபார்ப்பவர்கள், கூண்டில் இருப்பவை எல்லாம் அண்ணன் தங்கைகளா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

குறைந்தது மூன்று கூண்டுகளையாவது மூன்று குடும்பங்களாகப் பிரித்து வைத்து, முதல் கூண்டில் பிறந்த ஆண்களை இரண்டாவதற்கும், இரண்டாவதில் பிறந்தவற்றை மூன்றாவதற்கும், மூன்றாவதில் பிறந்தவற்றை முதலாவதற்கும் மாற்றிக்கொண்டே வந்தால் இந்தச் சிக்கல் வெகுவாகத் தள்ளிப்போகும். குடும்பம் மாறிப்போகாமல் இருக்கக் காலில் வண்ண வளையம் போட்டுவிடுவது போதுமானது.

ஆணையும் பெட்டையையும் மூன்றாவது வாரத்திலேயே பிரித்தறியலாம். ஆணின் நெஞ்சு செம்பழுப்பாக இருக்கும். பெட்டையின் நெஞ்சில் வெளிர் நிறத்தின்மேல் கரும்புள்ளிகள் இறைந்திருக்கும். பருவத்துக்கு வந்த ஆணின் எச்சத் துவாரத்துக்கு மேலே உள்ள தடிப்பை மெல்ல அழுத்தினால் வெள்ளை நுரை வரும். நுரை வராத ஆணை இனப்பெருக்கத்துக்கு வைப்பதில் பயனில்லை. இரண்டு அல்லது மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் போதும். ஆண் கூடினால் பெட்டைகளின் தலையைக் கொத்திப் புண்ணாக்கிவிடும்.

பொரிக்க வைக்கும் முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. வீட்டுக் காடை அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டதால் இன்குபேட்டர் இல்லாமல் முடியாது. வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸில் நிலையாக இருக்க வேண்டும்; முட்டையை நாளுக்குப் பலமுறை திருப்பி, 15ஆம் நாளில் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். பொரிக்கும் நேரத்தில் குஞ்சு உள்ளிருந்தபடியே ஓட்டின் அகன்ற முனையைச் சுற்றி வட்டமாகக் கொத்திக்கொண்டு வரும். பிறகு கால்களை உந்தித் தள்ள, அந்த முனை மூடிபோலத் திறந்துகொள்ளும். மஞ்சளும் பழுப்பும் வரிவரியாக ஓடும் ஈரக் குஞ்சு, கட்டைவிரல் நுனியளவே இருக்கும். மேலே உள்ள தூவி உலரும்வரை அதை அங்கிருந்து எடுக்க வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை, தளி போன்ற மேட்டுப் பகுதிகளில் மார்கழிக் குளிரில் முதல் வாரம்தான் உண்மையான சோதனை. குஞ்சுக்கு அருகில் 95 டிகிரி பாரன்ஹீட் இருக்கும்படி பல்பைத் தொங்கவிட்டு, வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். நான் வெப்பமானியைவிடக் குஞ்சுகளைத்தான் அதிகம் நம்புகிறேன்: பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு, பரவலாகப் படுத்தால் சரி. வழுக்கும் செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் விரிந்து ஊனமாகும் என்பதால் அதன்மேல் சாக்கு விரிக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் குஞ்சு மூழ்கிச் சாகும்.

முட்டைக் கோழித் தீவனத்தை அப்படியே குஞ்சுக்குப் போடுவது சரியல்ல. முதல் மூன்று வாரம் சுமார் 27 சதவீதம் புரதமுள்ள, பொடியாக அரைத்த தீவனம் வேண்டும். முட்டையிடும் காடைக்கு நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. பெரும்பாலானவை மாலையில்தான் இடும். "அக்கா, பிள்ளைக்கு இளைப்பு, காடை முட்டை குடுங்க" என்று வருகிறவர்களிடம், முட்டையைக் கொடுத்து, இது சத்தான உணவு, மருந்தல்ல, மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லியே அனுப்புகிறேன்.

மூன்று கூண்டுச் சுற்றும் நெடுநாள் போதாது. பாலக்கோடு, அரூர் என்று வேறிடத்தில் வளர்ப்பவர்களிடம் அவ்வப்போது ஆண்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படி வந்தவற்றை இரண்டு வாரம் தனியே வைத்து, சளியோ கழிச்சலோ இல்லை என்று உறுதியான பிறகு, பழைய கூண்டுக்குள் விடாமல், பெட்டைகளோடு சேர்த்து ஒரே நேரத்தில் புதிய கூண்டுக்கு மாற்றினால் சண்டை குறையும்.